தரகர் இல்லாமல் வீட்டை விற்றோம்: வழியை மறித்தது எப்போதோ அடைத்த கடன்

எங்கள் வீட்டின் கிரயம் சென்ற மாதம் ஒருவழியாகப் பதிவாகி முடிந்தது. இடையில் தரகர் யாரும் இல்லை. விளம்பரம் எழுதியது முதல் சாவியை ஒப்படைத்தது வரை எல்லாவற்றையும் நானும் என் கணவரும்தான் செய்தோம். பத்திரங்களைச் சரிபார்க்கவும் ஒப்பந்தம் எழுதவும் மட்டும் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டோம். விளம்பரம் கொடுத்த 19ஆம் நாளே வாங்குபவர் கிடைத்துவிட்டார். அதன்பிறகு விற்று முடிக்க நான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் பெரும்பகுதி, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கடைசித் தவணை வரை கட்டி முடித்திருந்த ஒரு வீட்டுக்கடனால் வீணாயிற்று. அந்த அலைச்சல் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. தரகரை வைத்துக்கொள்ளாமல் விற்க எண்ணுகிறவர்கள் விளம்பரத்துக்கு முன் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

விலை வைப்பதில் பெரிய சிக்கல் வரவில்லை. விளம்பரங்களில் காணும் விலை, விற்பவர் கேட்கும் விலைதான்; வீடு கைமாறிய விலை அன்று. ஆகவே எங்கள் பகுதியில் அண்மையில் பதிவான கிரயங்களின் விலையைப் பார்த்து, அதையொட்டி ஒரு தொகையை வைத்தோம். படம் எடுப்பதும் விளம்பரம் எழுதுவதும் ஒரு வார இறுதியில் முடிந்துவிட்டன. ஆனால் அந்த விளம்பரத்தில் நான் செய்த ஒரு பிழை பிற்பாடு வந்து நின்றது. பரப்பளவு 1,240 சதுர அடி என்று பழைய ஆவணம் ஒன்றில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அது சுவர்களின் கனமும் பால்கனியும் சேர்ந்த கணக்கு என்பதை நான் கவனிக்கவில்லை. வாங்குபவரின் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அறை அறையாக அளந்து, உள்பரப்பு 94 சதுர மீட்டர் என்று எழுதினார். அதைச் சதுர அடியாக்கினால் ஏறக்குறைய 1,012தான் வருகிறது. மீதி 228 சதுர அடி எங்கே போயிற்று என்று வாங்குபவர் தொலைபேசியில் கேட்டபோது, எதையோ மறைத்துவிட்டவளைப் போல எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கணக்குகளையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பி விளக்கிய பிறகுதான் அவர் சமாதானமானார். நீங்களே ஒரு முறை வீட்டை அளந்துவிடுங்கள். எது உள்பரப்பு, எது சுவர் உட்பட்ட பரப்பு என்பதை விளம்பரத்திலேயே பிரித்து எழுதிவிடுங்கள்.

முதல் வாரத்தில் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் தரகர்களிடமிருந்து வந்தவை. “கையில் ஆள் தயாராக இருக்கிறார், நீங்கள் சரி என்றால் இன்றே அழைத்து வருகிறேன்” என்பார்கள். அப்படியானால் அவரையே நேரடியாகப் பேசச் சொல்லுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டேன், யாரும் பேசவில்லை. வேறொருவர் வீட்டைப் பார்க்காமலேயே நாங்கள் கேட்ட விலைக்குச் சம்மதித்தார். மறுநாள் முன்பணம் அனுப்பியதாகவும், தவறுதலாக அதிகம் போய்விட்டதாகவும், கூடுதல் தொகையை மட்டும் உடனே திருப்பி அனுப்பும்படியும் கேட்டார். வங்கியிலிருந்து வருவது போலவே ஒரு குறுஞ்செய்தியும் என் கைப்பேசிக்கு வந்திருந்தது. என் கணவர் கணக்கைத் திறந்து பார்த்தார். ஒரு காசும் வந்திருக்கவில்லை. பணம் வந்ததா என்பதற்குக் கணக்கின் இருப்பைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். வந்துவிட்டதாகத் தெரிந்தாலும், அது திரும்பப் பெற முடியாத பணமா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளும் வரை எதையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

உண்மையாக வாங்க வந்தவர்களிடம் நேர்ந்த சங்கடம் வேறு வகை. “தரகர் இல்லையே, அந்தக் கமிஷனை எங்களுக்குக் குறைத்துவிடுங்கள்” என்று ஏறக்குறைய எல்லோருமே கேட்டார்கள். முதல் இரண்டு பேரிடம் நான் தடுமாறினேன். மூன்றாமவர் கேட்டபோது, தரகர் செய்யும் வேலைகளை நாங்களே செய்வதால்தான் அந்தப் பணம் மிச்சமாகிறது, விலையை வீட்டைப் பார்த்துப் பேசுவோம் என்று சொன்னேன். அதன்பிறகு பேச்சு சீராக நடந்தது. இன்னொன்றையும் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒரு குடும்பம் மூன்று முறை வந்து பார்த்து, திரைச்சீலைக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு போனது. எட்டு நாள் கழித்து, தங்களுக்குக் கடன் கிடைக்காது என்று சொன்னார்கள். அந்த எட்டு நாளும் மற்றவர்களைக் காக்கவைத்திருந்தோம். அடுத்து வந்த இளம் தம்பதியிடம், இவ்வளவு வரை கடன் தரலாம் என்று வங்கி கொடுத்த கடிதம் இருக்கிறதா என்று இரண்டாம் முறை வரும்போதே கேட்டோம். கொண்டுவந்து காட்டினார்கள். அவர்களுக்கே விற்றோம்.

ஒப்பந்தம் எழுதி முன்பணம் வாங்கினோம். 90 நாளில் கிரயத்தை முடிப்பதாகப் பேச்சு. மறுவாரம் வழக்கறிஞர் அழைத்தார். பதிவு அலுவலகத்தின் பதிவேட்டில் எங்கள் வீட்டின் மீது அடமானம் இன்னும் நிற்கிறது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடன் முடிந்தபோது வங்கி எங்கள் மூலப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதமும் என் கோப்பில் இருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். கடனைக் கட்டுவது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கை மட்டுமே முடிக்கிறது. பதிவேட்டில் அடமானம் என்று ஏறிய வரி தானாக மறையாது. அடமானத்தை விடுவிக்கிறோம் என்று வங்கி தனியாக எழுதித் தர வேண்டும், அதைப் பதிவுசெய்தால்தான் சொத்து வில்லங்கமற்றதாகக் காட்டும். சில வங்கிகள் கடன் முடிந்ததும் இதைத் தாங்களே செய்துவிடுகின்றன. எங்கள் வங்கி செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விற்க நினைக்காத வரை அது யார் கண்ணிலும் படாது. வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியோ, முந்தைய அடமானம் பதிவேட்டில் நிற்கும் வரை ஒரு தவணைகூட விடுவிக்காது.

கடன் வாங்கிய கிளைக்குப் போனேன். அந்தக் கட்டடத்தில் வேறு நிறுவனம் இருந்தது. கிளையை மூடி, தொலைவில் உள்ள இன்னொரு கிளையோடு சேர்த்துவிட்டார்களாம். அங்கே போய்ச் சேர்ந்தபோது, கடன் பிரிவில் இருந்த எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, “மேடம், உங்கள் கணக்கு முடிந்துவிட்டது என்றுதானே காட்டுகிறது? முடிந்த கணக்குக்கு எதற்குக் கடிதம்?” என்று கேட்டார். பதிவேட்டின் நகலைக் காட்டினேன். அதைக் கையில் வாங்காமலேயே, தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார். எழுதினேன். பதினாறு நாள் கழித்து வந்த பதிலில், உங்கள் கிளையை அணுகுங்கள் என்ற ஒரே வரி இருந்தது. மறுபடி போனேன், அந்த எழுத்தர் விடுப்பில் இருந்தார், வேறு யாருக்கும் இது பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அரை நாள் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறிப் போயிருந்தேன். பேச வேண்டிய ஆள் இருக்கையில் இருக்கிறாரா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

மூன்றாம் முறை வெறும் கையோடு போகவில்லை. வழக்கறிஞரிடம் வாசகம் கேட்டு, ஒரு விண்ணப்பத்தை இரண்டு பிரதிகளாக எழுதினேன். கடன் கணக்கு எண், அடமானம் பதிவான தேதி, ஆவண எண், கடன் முடிந்த தேதி, எனக்கு வேண்டியது விடுவிப்பு ஆவணம் என்பது, கிரயத்துக்குக் குறித்த கடைசி நாள் ஆகிய அனைத்தும் அதில் தெளிவாக இருந்தன. பதிவேட்டின் நகலில் அந்த அடமான வரியின்மேல் மஞ்சள் மை தீட்டி இணைத்தேன். எழுத்தர் ஒரு பிரதியை வாங்கி அடுக்கின் அடியில் செருகினார். இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வேண்டும் என்று கேட்டேன். அப்படியெல்லாம் போடுவது வழக்கமில்லை என்றார். நான் மேலாளரின் அறை வாசலில் போய் நின்றேன். மேலாளர் விண்ணப்பத்தை நின்றபடியே முழுவதும் படித்தார்; தன் கையாலேயே முத்திரை குத்தித் தேதியிட்டுக் கொடுத்தார். அன்று வீடு திரும்பும்போது எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை ஐந்து வாரம் அசையாமல் கிடந்த காரியம், அந்த முத்திரை விழுந்த பன்னிரண்டாம் நாளில் விடுவிப்பு ஆவணமாக என் கைக்கு வந்தது.

அங்கேயும் முடியவில்லை. பதிவு அலுவலகத்தில் அதைச் சரிபார்த்த பெண் அலுவலர், பென்சிலின் முனையை ஓர் எண்ணின்மீது வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் ஆவண எண் 1784. வங்கியின் கடிதத்தில் 1748 என்று இருந்தது. நான்கு இலக்கத்தில் கடைசி இரண்டு இடம் மாறியிருந்தன. இதன்படி பதிவுசெய்தால் வேறு யாருடைய சொத்தோ விடுபடும், உங்களுடையது அப்படியே நிற்கும் என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் கிரயத்தன்று பூகம்பமே வெடித்திருக்கும். கோபமெல்லாம் என்மீதுதான். ஆவணம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் அந்தக் கவுண்டரிலேயே நின்று எண்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் வந்துவிட்டேன். பேனாவால் அடித்துத் திருத்தியதை ஏற்க முடியாது என்று அவர் சொன்னதால், புதிதாக அச்சிட்டு, வங்கியில் அதிகாரம் பெற்ற அலுவலர் மறுபடி கையெழுத்திட வேண்டியிருந்தது. அவர் பயணத்தில் இருந்தார். மேலும் ஒன்பது நாள் போயிற்று. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைப் பெற்றாலும் பெயர், எண், தேதி, எல்லை ஆகியவற்றை மூல ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்த பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள். பதிவு முடிந்தாலும் அன்றே திருப்தி அடையாதீர்கள். சில நாள் கழித்துப் பதிவேட்டின் புதிய நகலை எடுத்து, விடுவிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்குள் 90 நாள் கெடு நெருங்கிவிட்டது. தாமதம் எங்கள் பக்கம் என்பதால், வாங்குபவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டுப் போயிருந்தால் எங்களால் ஒன்றும் பேசியிருக்க முடியாது. நல்ல வேளையாக நான் ஒவ்வொரு வாரமும் நடந்ததை நடந்தபடியே அவர்களுக்குச் சொல்லி வந்திருந்தேன். முத்திரை குத்திய பிரதியையும் அனுப்பியிருந்தேன். மேலும் 30 நாள் நீட்டிக்கச் சம்மதித்தார்கள். வாய்ச்சொல்லாக விடாமல் அதை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக எழுதி, நால்வரும் கையெழுத்திட்டோம். கெடு முடிவதற்குள் அதைச் செய்ய வேண்டும் என்று வழக்கறிஞர் வற்புறுத்தினார். கெடு கடந்த பிறகு எழுதும் நீட்டிப்பு வேறு தகராறுகளுக்கு இடம் தரும் என்றார்.

இன்னும் இரண்டு தடைகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் நாங்கள் பிற்பாடு கட்டிய சிறிய அறைக்கு அனுமதி எங்கே என்று மதிப்பீட்டாளர் கேட்டார். அனுமதி பெற்றுத்தான் கட்டியிருந்தோம். நகலை ஏற்க மறுத்தார். மூலத்தைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினோம். கடைசியில் அது, சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டையோடு ஒரே உறையில் இருந்தது. இரண்டாவது, மதிப்பீட்டுத் தொகை எங்கள் விலையைவிடச் சற்றுக் குறைவாக வந்தது. விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் ஒரு பங்கைத்தான் வங்கி கடனாகத் தரும் என்பதால், அவர்கள் கையில் பணம் போதாமல் போயிற்று. பற்றாக்குறையில் பாதியை நாங்கள் விலையில் குறைத்தோம், மீதியை அவர்கள் திரட்டினார்கள். நாங்கள் கொடுத்த தாமதத்தைப் பொறுத்துக்கொண்டவர்களிடம் அந்தப் பாதிக்காக வாதிட எனக்கு மனம் வரவில்லை.

நீட்டித்த கெடுவுக்கு ஆறு நாள் முன்பாகக் கிரயம் நடந்தது. வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் என் கணவரும் நேரில் வந்து கையெழுத்திட்டார். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுத்தோம். கொடுக்கும் முன் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் இரு தரப்பாரும் நிற்கும்போதே படமெடுத்துக்கொண்டோம்.

சில நாள் கழித்து, வீட்டை வாங்கிய பெண் பதிவேட்டின் புதிய நகலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். எங்கள் விடுவிப்பு ஏறிய வரிக்குக் கீழே, அவர்கள் பெயருக்கு மாறிய கிரயமும், அதற்கடுத்த வரியில் அவர்களுடைய வங்கியின் புதிய அடமானமும் இருந்தன. “அக்கா, இந்தக் கடைசி வரி எப்போது போகும்?” என்று கேட்டார். என் விண்ணப்பத்தின் வாசகத்தை ஒரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்து, கடைசித் தவணை கட்டும் நாளிலேயே இதை எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதைத் தன் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து உறையில் வைத்துக்கொண்டார்.