அய்யாவின் நேர்ச்சை

எங்கள் அய்யா, அதாவது அப்பாவின் அப்பா, இறந்தபோது அவருடைய தலையணைக்கடியில் ஒரு செபமாலையும், மூடி துருப்பிடித்த ஒரு தைலக் குப்பியும் இருந்தன. குப்பிக்குள் இருந்தது, போர்த்துக்கல்லிலிருந்து வந்த சேசுசபைக் குருவான புனித அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூரின் மண். காய்ச்சல் கண்ட பிள்ளையானாலும், சோறு இறங்காத கிழவியானாலும், கன்று ஈனத் தவிக்கும் பசுவானாலும், அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்ட பிறகுதான் மற்ற வைத்தியத்தைப் பற்றிப் பேசுவார். மிச்சமிருந்த மண்ணை அவருடைய சவப்பெட்டிக்குள்ளேயே தூவிவிடச் சொன்னார் அப்பத்தா. வெறுங்குப்பி என்னிடம் வந்தது. அதனோடு, அய்யா நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போன ஒரு நேர்த்திக்கடனும் வந்தது.

என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் 23 நாள் கிடந்தான். கொரோனாக் காலமாதலால் அய்யாவால் ஊரைவிட்டு வர இயலவில்லை. "அருளானந்தர்கிட்ட சொல்லிட்டேன், நீ பயப்படாதப்பா" என்று தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்பது பிள்ளை வீடு திரும்பிய பிறகே தெரிந்தது: ஓரியூரில் முடி இறக்கி, காவி உடுத்தி, பீடத்தின் முன் பிள்ளையைக் கிடத்த வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொன்னவர், அதற்கு முன்பே போய்விட்டார்.

1936இல் பிறந்த அய்யா, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எங்கள் சிற்றூரின் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்து பூசை வைத்துப் போவார். மற்ற நாள்களில் மணி அடிப்பது முதல் சாகக் கிடப்பவரின் காதருகே நன்மரண செபம் வாசிப்பது வரை எல்லாம் அய்யாதான். பூசை தமிழுக்கு மாறியபோது மகிழ்ந்தவர்தான் என்றாலும், சிறுவயதில் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்திருந்த இலத்தீன் மறுமொழிகளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது முணுமுணுப்பார். கடைசிவரை அவருக்கு மாதா "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"தான். "அருள் நிறைந்த மரியே" என்பதை நாங்கள் சொல்ல, அவர் தம் போக்கில் பழையதைச் சொல்லி, எங்களுக்குச் சற்றுப் பின்னால் வந்து முடிப்பார்.

1947 ஜூன் 22 அன்று உரோமையில் அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அய்யாவுக்குப் 11 வயது. செய்தி ஊருக்கு எட்டிய அன்று கை வலிக்கும்வரை மணி அடித்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே ஆண்டில் நாட்டுக்குக் கிடைத்த சுதந்திரத்தைப் பற்றி அவரிடம் அவ்வளவு விவரமான நினைவு இல்லை. அருளானந்தர் தலை வெட்டுண்ட 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் என்பதால், ஆண்டு முழுவதும் புதன்கிழமைகளில் கவிச்சி தொட மாட்டார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் காவி வேட்டி கட்டி, கட்டுச்சோற்றோடு, கண்மாய்க் கரைகளிலும் கருவேலங்காட்டு வழியிலுமாக இரண்டு இரவு நடப்பார்.

நாங்கள் நடக்கவில்லை, வேனில்தான் போனோம். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, திருவாடானை தாண்டிய பிறகு சாலையோரம் செபமாலை சொல்லியபடி நடந்தவர்களைப் பார்க்கப் பார்க்க வெட்கம் கூடியது. ஊருக்குள் நுழையும் முன்பே, யார் அனுமதித்தார்கள் என்று தெரியாத ஓர் இளைஞர் கயிற்றைக் கட்டி வண்டி நிறுத்தப் பணம் வாங்கினார். மொட்டை போட்டவர் பேசிய தொகைக்கு மேல் இருமடங்கு கேட்டு, பாதித் தலையில் கத்தியை நிறுத்திவிட்டார். பிள்ளை வீறிட்டழுத நிலையில் யார் வாதாடுவது? கொடுத்தேன். அய்யாவாக இருந்தால் அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு, கூடக் கொஞ்சம் கொடுத்திருப்பார். எனக்கு அந்த மனம் வரவில்லை.

மகனுக்கு உடுத்திய காவி அங்கி, அய்யாவின் நடைபயண வேட்டியிலிருந்து என் மனைவி வெட்டித் தைத்தது. பலமுறை துவைத்து வெளிறிய துணி. புதுக் காவி உடுத்திய மற்றப் பிள்ளைகளிடையே அது மண்ணின் நிறத்தில் தெரிந்தது.

உள்ளே மூச்சுவிட இடமில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார், "நகருங்க, நகருங்க" என்ற குரல் வேறு. எப்படியோ இடுக்கில் புகுந்து பிள்ளையைத் தரையில் கிடத்தினோம். அவ்வளவு நேரம் அழுதவன், சில்லென்ற தரையில் முதுகு பட்டதும் நிறுத்திவிட்டு மேலே பார்த்தான். சுரூபத்தின் காவியும் அவனுடைய காவியும் ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்தன. சொல்வதற்கென்று நான் கோத்து வைத்திருந்த மன்றாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. அய்யா அடிக்கடி சொல்லும் ஒரு செய்திதான் வந்து நின்றது: "அவரே ஒரு நேர்ச்சைப் பிள்ளைதாம்ப்பா." லிஸ்பனில் சிறுவனாக இருந்தபோது கடும் நோயில் விழுந்த அருளானந்தரை, அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு மீட்டார், நேர்ச்சைப்படி ஓராண்டுக்காலம் சேசுசபைக் குருக்களின் அங்கியைப் போலவே ஒரு சிறிய அங்கி தைத்து மகனுக்கு உடுத்தினார். மகன் வளர்ந்து அந்த அங்கியை உண்மையாகவே ஏற்று, பிறகு தமிழகத்தில் அதையும் மாற்றிக் காவி உடுத்தி, மறவர் நாட்டின் இந்த மணலில் வந்து விழுந்தார். பிள்ளைக்காக அங்கி தைக்கும் கை எப்படி நடுங்கும் என்பதை அறிந்த ஒருத்தியின் மகனிடம்தான் அய்யா விண்ணப்பம் வைத்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்தது பத்து நொடி இருக்கும். நான் நன்றி சொன்னேனா, சொல்லாமலே எழுந்தேனா என்று இப்போதும் நினைவில்லை. அப்பத்தா மட்டும் நகர மறுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே" என்று உரக்கத் தொடங்கினார். நகரச் சொன்னவரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

வெளியே கடைகளில் மண்ணை நெகிழிப் பையில் கட்டிப் படத்தோடு சேர்த்து விற்கிறார்கள். அய்யா ஒருநாளும் அதை வாங்கியதில்லை. குனிந்து தம் கையால்தான் அள்ளுவார். நானும் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, குப்பியைத் திறந்து சிவந்த மணலை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் மகன் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மனைவி பதறித் துடைக்கப் போனார். "விடு தாயி, அவுக அய்யா கொடுத்ததுதான்" என்று அப்பத்தா தடுத்துவிட்டு, தாமும் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துக்கொண்டார்.