பாசி வந்தா ஸ்கிம்மரை ஏன் திட்டறீங்க?

ரீஃப் டேங்க், அதாவது உப்பு தண்ணில பவளமும் மீனும் வளக்கற தொட்டி, வச்சிருக்கவங்க யாராவது போன் பண்ணி "ப்ரோ, டேங்க் ஃபுல்லா பாசி, இப்ப இருக்கறதவிட பெரிய ஸ்கிம்மர் எது வாங்கலாம்"னு கேட்டா, டாப் அப்புக்கு, அதாவது ஆவியாகி குறைஞ்சத நிரப்ப, என்ன தண்ணி ஊத்தறீங்கன்னு தான் நான் முதல்ல கேப்பேன். பாதி பேருக்கு அந்த கேள்வியே புடிக்காது. பெரிய மெஷின் வாங்க காசோட ரெடியா நிக்கறவன்கிட்ட போய் தண்ணிய பத்தி பேசினா கடுப்பாகத்தான் செய்வான். இருந்தாலும் கேப்பேன், ஏன்னா சென்னைல நான் பாத்த பாசி டேங்குல முக்காவாசிக்கு ஸ்கிம்மர் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

ஸ்கிம்மர்ங்கறது டேங்க் தண்ணில இருக்கற அழுக்க நுரையா பிரிச்சு எடுக்கற மெஷின், அது எப்படி பண்ணுதுன்னு முதல்ல பாத்துடலாம். பருப்பு வேகும்போது மேல நுரை பொங்குமே, அத அம்மா கரண்டியால எடுத்து வெளிய போடுவாங்கல்ல, அதே வேலை தான். மீன் கழிவு, மிச்ச சாப்பாடு, பவளம் விடற வழவழப்பு எல்லாம் தண்ணில கரையும்போது அதுல நிறைய மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணிய ஒட்டும், இன்னொரு முனை தண்ணிய விட்டு ஓடப் பாக்கும், அந்த ஓடற முனைக்கு காத்து குமிழோட மேல்பரப்பு கிடைச்சா போய் ஒட்டிக்கும். அதுல இருக்கற நீடில் வீல் பம்ப் (ஊசி ஊசியா சக்கரம் வச்சது) காத்த பொடிப் பொடியா நொறுக்கி குமிழ் ஆக்குது, குமிழெல்லாம் நுரையாகி கழுத்து வழியா ஏறி கப்ல விழுது, அவ்வளவு தான். உப்பு தண்ணில குமிழ் சின்னதாவே நிக்கும், நல்ல தண்ணில ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகி உடைஞ்சுடும், அதனால தான் கோல்ட் ஃபிஷ் டேங்க்ல இது சரியா வேலை செய்யாது.

2019 டிசம்பர்ல மெரினா, பட்டினப்பாக்கம் பக்கம் கரை பூரா வெள்ளையா நுரை வந்து ஒதுங்கி, பசங்க அதுல குதிச்சு செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மழைத்தண்ணியோட சாக்கடையும் சோப்பும் கடல்ல கலந்து அலை அடிச்ச அடியில வந்த நுரை அது. கிட்டத்தட்ட நம்ம ஸ்கிம்மர் கப்ல வர்ற அதே சமாச்சாரம், அந்த கப்ப ஒரு தடவை மோந்து பாத்தவன் எவனும் அந்த நுரைல குதிக்க மாட்டான்.

சரி, இப்ப முக்கியமான விஷயம். ஸ்கிம்மர் எடுக்கறது அழுகறதுக்கு முன்னாடி இருக்கற ஆர்கானிக் சரக்க மட்டும் தான். அது அழுகி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்னு மாறினதுக்கு அப்புறம் ஸ்கிம்மருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கரைஞ்ச பாஸ்பேட்டும் அப்படித்தான், நுரைல ஒட்டாது. அந்த ஆர்கானிக்லயும் முழுசா எடுக்குமான்னா அதுவும் இல்ல. பென்சில்வேனியா ஸ்டேட் யூனிவர்சிட்டில கென் ஃபெல்ட்மன்னு ஒரு கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர் 2009ல நாலஞ்சு விதமான ஸ்கிம்மர அளந்து பாத்தாரு, தண்ணில இருக்கற மொத்த ஆர்கானிக் கார்பன்ல சுமார் 20ல இருந்து 30 சதவீதம் தான் வெளிய வருது, மிச்சம் தண்ணிலயே நிக்குது, விலை கூடின மாடலும் பெருசா தூக்கி அடிக்கல. இத சொன்னா ஸ்கிம்மர் வேஸ்ட்டானு கேப்பாங்க. இல்லீங்க, ஆக்சிஜன் தர்றதுக்கே அத வைக்கலாம், நம்ம ஊர் மே மாசத்துல டேங்க் தண்ணி 30 டிகிரி தாண்டினா தண்ணில ஆக்சிஜன் குறையும், அப்ப ஸ்கிம்மர் தான் மூச்சு. ஆனா ஏற்கனவே பாறைல வேர் விட்ட பச்ச முடிப் பாசிய அது புடுங்கிப் போடும்னு நினைக்காதீங்க.

இப்ப தண்ணிக்கு வரேன். டேங்க்ல இருந்து ஆவியாகறது சுத்த தண்ணி மட்டும் தான், உப்பும் மத்ததும் உள்ளயே நிக்கும். நீங்க ஊத்தற டாப் அப்ல கொஞ்சமா பாஸ்பேட், சிலிகேட், நைட்ரேட் இருந்தா கூட தினம் தினம் சேந்துட்டே போகும். ஏசி, ஃபேன் ஓடற வீட்டுல ஆவியாகறதும் ஜாஸ்தி. போர் தண்ணி ஊத்தறவங்கள விடுங்க, அது பேச்சே வேணாம். கேன் தண்ணி ஊத்தறேன், வீட்டு ஆர்ஓ தண்ணி ஊத்தறேன்னு நம்பிக்கையா சொல்றவங்க தான் நிறைய. குடிக்கற ஆர்ஓ மெஷின்ல ருசிக்காக டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவு) கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், கொஞ்சம் ஆர்ஓ ஆகாத தண்ணிய திரும்ப கலந்து விடும், மீட்டர் வச்சா 60, 80னு காட்டும். மனுஷனுக்கு ஓகே, ரீஃபுக்கு ஆகாது. ஆர்ஓவுக்கு அப்புறம் டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் (மிச்சம் இருக்கற உப்பையும் புடிச்சுக்கற குட்டி மணிங்க) போட்டு மீட்டர் 0 காட்டணும். ரெசின் முடியற நேரத்துல முதல்ல கசியறதுல சிலிகேட்டும் ஒண்ணு, மீட்டர் அத சரியா காட்டாது, அதனால ஒரு வருஷம் ஆன டேங்க்ல திடீர்னு கண்ணாடில சிலிகேட்ட வச்சு வளர்ற பிரவுன் பொடிப் பாசி படிஞ்சா நான் ரெசின தான் முதல்ல சந்தேகப்படுவேன்.

இதுல ஒரு கூத்து என்னன்னா நெம்மேலில 2013ல இருந்து கடல் தண்ணிய எடுத்து உப்ப பிரிச்சு தென் சென்னைக்கு மெட்ரோ வாட்டரா அனுப்பறாங்க, அது திருவான்மியூர்ல என் வீட்டு குழாய்க்கு வருது, நான் அத மறுபடி ஆர்ஓ பண்ணி, காசு குடுத்து பாக்கெட் உப்பு வாங்கி கலந்து, மறுபடி கடல் தண்ணி ஆக்கறேன். கடல் பத்து நிமிஷ நடை. என் பொண்டாட்டி இத வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லி சிரிக்கறா. பீச்ல புடிச்சு ஊத்த வேண்டியது தானேன்னா, அடையாறு முகத்துவாரம் பக்கத்துல இருக்கற தண்ணிய நான் தொட மாட்டேன், ஐப்பசி கார்த்திகை மழைல உப்பளவும் இறங்கிடும்.

அடுத்து பாறை. நம்ம கடல்ல இருந்து எடுத்த லைவ் ராக் (உயிரினங்க ஒட்டி வாழற பவளப் பாறை), கடினப் பவளம் இதெல்லாம் யார் குடுத்தாலும் வாங்காதீங்க. 2001ல இருந்து கடினப் பவளம் வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்கற அதே அட்டவணை. அதனால இங்க பெரும்பாலும் செயற்கை பாறை, இல்ல யாராவது டேங்க கலைச்சு வித்த பழைய காஞ்ச பாறை. அந்த பழைய பாறை தான் வில்லன். கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்ட உள்ள இழுத்து வச்சுக்கும், தண்ணில அளவு குறைஞ்சதும் மெதுவா கக்கும், மாசக்கணக்கா கக்கும். மேல பாசி அத அப்படியே சாப்பிடும். நீங்க டெஸ்ட் கிட் வச்சு பாத்தா 0 காட்டும்! கிட் காட்டறது பாசி சாப்பிட்டது போக மிச்சம் இருக்கறத தான். "பாஸ்பேட் இல்லையே ப்ரோ, அப்புறம் எப்படி பாசி"ங்கறவங்களுக்கு இது தான் பதில். அந்த மாதிரி பாறைய டேங்க்ல வைக்கறதுக்கு முன்னாடியே ட்ரம்ல உப்பு தண்ணில போட்டு, பம்ப் ஓட்டி, தண்ணி மாத்தி மாத்தி ஊற வைக்கணும், பொறுமை இல்லன்னா பாசியோட வாழணும்.

ஏற்கனவே வந்துடுச்சா, கைய விட்டு புடுங்குங்க. இதுக்கு மேல நல்ல வழி எனக்கு தெரிஞ்சு இல்ல. பாறைய வெளிய எடுத்து பக்கெட்ல வச்சு பழைய டூத் பிரஷ் போட்டு தேச்சு, அந்த தண்ணிய கொட்டிடுங்க, டேங்குக்குள்ளயே தேச்சா துண்டு துண்டா பரவி வேற இடத்துல முளைக்கும். புடுங்கின ஒவ்வொரு பிடியும் நைட்ரேட், பாஸ்பேட் வெளிய போறது தான், ஸ்கிம்மர் எடுக்க முடியாதது. புடுங்கினதுக்கு அப்புறம் டர்போ, ட்ரோகஸ் நத்தைய விடுங்க, நீளமா வளந்த பாசிய அதுங்க தொடாது, குட்டையா இருந்தா மேயும். டேங்குக்கு கீழ இருக்கற சம்ப் தொட்டில இடம் இருந்தா கீட்டோங்கற நூல் பாசி ஒரு உருண்டை போட்டு ராத்திரில லைட் விடுங்க, நமக்கு வேண்டிய இடத்துல பாசி வளரட்டும்.

ஸ்கிம்மர் ட்யூனிங் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். சம்ப்ல அது நிக்கற அறைல தண்ணி மட்டம் மாறவே கூடாது, ஆட்டோ டாப் அப் இல்லன்னா காலைல ஒரு மாதிரி ராத்திரி ஒரு மாதிரி தான் ஓடும். புதுசா வாங்கினது முதல் சில நாள் பைத்தியம் மாதிரி பொங்கும் இல்ல ஒண்ணுமே வராது, திருகிட்டே இருக்காதீங்க. கழுத்துல கொழுப்பு படிஞ்சா நுரை ஏறாது, வாரம் ஒரு தடவை துடைங்க. காத்து ட்யூப் வாய்ல உப்பு கட்டி அடைச்சுக்கும், வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் உறிஞ்ச விட்டா சரியாகிடும். மீன் கம்மியா இருக்கற டேங்க்ல பெரிய ஸ்கிம்மர் போட்டா நுரை நிக்கவே நிக்காது, அதனால பெருசு தான் நல்லதுங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். கப் தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு.

காத்து ட்யூப் பத்தி யாரும் பேசறதில்ல. ஸ்கிம்மர் ரூம்ல இருக்கற காத்த நாள் பூரா தண்ணிக்குள்ள அடிக்குது. ஜன்னல் சாத்தி ஏசி போட்டு நாலு பேர் தூங்கற ரூம்ல கார்பன் டை ஆக்சைட் ஏறி பிஎச் இறங்கும், அதனால ட்யூப ஜன்னல் வழியா வெளிய விடுவாங்க, நானும் அப்படித்தான். ஆனா கார்ப்பரேஷன் கொசு புகை வண்டி தெருவுக்குள்ள வந்தா ஸ்கிம்மர ஆஃப் பண்ணிடுவேன், போகி காலைலயும் அப்படியே. உள்ள வச்சாலும் பக்கத்து ப்ளக்ல கொசு லிக்விட் மாட்டாதீங்க, அதுல இருக்கற பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம்.

கடைசியா வோட்கா. சிரிக்காதீங்க, நிஜமா பண்றாங்க. ஆல்கஹாலோ வினிகரோ துளித்துளியா விட்டா பாக்டீரியா பெருகி நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் தின்னும், அந்த பாக்டீரியாவ ஸ்கிம்மர் நுரையோட அள்ளி வெளிய போடும். கரைஞ்ச நைட்ரேட்ட ஸ்கிம்மர் சுத்தி வளைச்சு எடுக்கற வழி இது ஒண்ணு தான், ஸ்கிம்மர் இல்லாம பண்ணவே கூடாது, ஆக்சிஜன் போயிடும். டாஸ்மாக்ல க்யூவுல நின்னு "மீனுக்கு"ன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான், வினிகர் போதும், மளிகை கடைலயே கிடைக்கும். மாவு அரைக்கற வேகத்துல போகாம மெதுவா ஏத்துங்க, ஏன்னா நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் 0க்கு கொண்டு போய்ட்டா பச்ச பாசி போய் டைனோ (டைனோஃபிளாஜலேட்ங்கற நுண்ணுயிர்) வரும், பிரவுன் சளி மாதிரி நூல் நூலா, நுனில குமிழோட. அதுக்கு பச்ச பாசியே தேவலை. நைட்ரேட் 5 பிபிஎம் பக்கம், பாஸ்பேட் 0.03ல இருந்து 0.1க்குள்ள நின்னா நான் எதையும் தொட மாட்டேன்.

கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஸ்கிம்மர போடாதீங்க, டேங்குக்குள்ள தண்ணிய சுத்த விடற வேவ் மேக்கர போடுங்க. சம்ப்ல இருந்து டேங்குக்கு தண்ணி ஏத்தற ரிட்டர்ன் பம்ப் நின்னதும் சம்ப்ல தண்ணி ஏறும், கரண்ட் வந்த உடனே ஸ்கிம்மர் அந்த ஏறின மட்டத்துல ஸ்டார்ட் ஆகி கப்ல இருக்கற மொத்த சாக்கடையயும் திரும்ப டேங்குக்கே குடுத்துடும். ஒரு டிலே டைமர் மாட்டுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்லாத ஏரியால டேங்க காப்பாத்தினது பேட்டரி ஏர் பம்ப் தான், கொளத்தூர் கடைங்கள்ல கிடைக்கும், ஐப்பசிக்கு முன்னாடியே வாங்கி வச்சுடுங்க, புயல் சின்னம்னு நியூஸ் வந்தப்புறம் போனா ஸ்டாக் இருக்காது.