பாறைக்குழம்பு ஆறும் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

புவியியல் படித்துவிட்டு ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு உறுப்புகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) நிரலாக்கத்துக்கு வருபவர்களுக்கு, முதல் நாளிலேயே புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள கவச அடுக்கின் சுழற்சியைக் கணித்துவிட ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. ஆயத்த மென்பொருளில் அழகான வண்ணப் படங்கள் வந்தன; அவை சரியா தவறா என்று சொல்லத்தான் தெரியவில்லை. அதை மூடி வைத்துவிட்டு, ஒற்றைப் பரிமாண வெப்பக் கடத்தலை பைத்தானில் நானே எழுதத் தொடங்கினேன்.

அதற்கும் முன்னால் தாளும் பேனாவும் வேண்டும். இரண்டு உறுப்புகள், அவற்றின் முனைகளான மூன்று கணுக்கள் போதும். ஒவ்வோர் உறுப்பின் வெப்பக் கடத்தலுக்கான சிறிய அணியையும் (matrix) எழுதி, பெரிய அணியில் சேர்த்துப் பாருங்கள். நடுக்கணுவில் இரண்டு உறுப்புகளின் 1-உம் 1-உம் கூடி 2 ஆகும் இடத்தில்தான் எனக்கு இந்த முறை முழுவதும் புரிந்தது.

நான் எடுத்துக்கொண்ட கணக்கு இது: 300 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பாறைக்குள் 20 மீட்டர் அகலச் சுவர்போல் ஊடுருவிய 1200 பாகைப் பாறைக்குழம்பு எப்படி ஆறுகிறது? பாறையில் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் காட்டும் வெப்பப் பரவுதிறன் நொடிக்கு ஏறத்தாழ 0.000001 சதுர மீட்டர். அகலத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால், ஆறுவதற்கான தோராயக் கால அளவாகச் சுமார் 13 ஆண்டுகள் வரும். நிரலை ஓட்டுமுன் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடை சில நாள்களிலோ பல்லாயிரம் ஆண்டுகளிலோ வந்தால், எங்கோ அலகு தவறியிருக்கிறது.

என் நிரலில் அலகு சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒரு மீட்டர் உறுப்பு, அரை நாள் காலப்படி, பின்னோக்கிய ஆய்லர் முறை (ஒவ்வொரு படியின் இறுதி வெப்பநிலையை வைத்தே கடத்தலைக் கணக்கிடுவது) என்று ஓட்டியபோது, குழம்புக்கு அருகிலிருந்த ஒரு கணுவில் முதல் படியிலேயே வெப்பம் சுமார் 289 பாகைக்கு இறங்கியது. கொதிக்கும் குழம்பின் பக்கத்தில் பாறை குளிர்வதாவது! காலப்படியைப் பாதியாக்கினேன்; பிழை போகவில்லை. இரண்டு நாள்களாக அணிச் சேர்ப்பில் குற்றம் தேடினேன். காரணமோ, கணுக்களில் வெப்பம் சேமிக்கப்படுவதைக் குறிக்கும் நிறை அணியில் இருந்தது. உள்ளே வெப்பநிலை நேர்கோடாக மாறும் நேரியல் உறுப்புகளில் காலப்படி, உறுப்பு நீளத்தின் வர்க்கத்தைப் பரவுதிறனின் ஆறு மடங்கால் வகுத்து வரும் அளவுக்குக் கீழே போனால் இந்தப் பொய்யான சரிவு தோன்றலாம். என் கணக்கில் அந்த எல்லை ஏறத்தாழ 1.9 நாள். படியைச் சிறிதாக்கினால் விடை மேம்படும் என்ற நம்பிக்கையே என்னை ஏமாற்றியிருக்கிறது. நிறை அணியின் ஒவ்வொரு வரிசையையும் கூட்டி மூலைவிட்டத்தில் வைத்தேன், சரிவு மறைந்தது.

இந்தக் கணக்குக்குப் பிழைச் சார்பு (error function) என்ற கணிதச் சார்பின் வழியே துல்லியமான விடை உண்டு. அதோடு ஒப்பிடுங்கள். குழம்பு ஓரளவு ஆறிய பின், உறுப்பு நீளத்தைப் பாதியாக்கும்போது பிழை நான்கில் ஒரு பங்காக வேண்டும். காலப்படியையும் அப்போது நான்கில் ஒன்றாகக் குறையுங்கள்.

அடுத்து இரு பரிமாணம், அதன் பிறகு கவச அடுக்கின் மந்த ஓட்டம். அங்கே திசைவேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே வகை உறுப்பை (இரண்டுக்கும் நேரியல் என்பதுபோல்) வைத்தால், அழுத்தம் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறித் தெரியும். திசைவேகத்துக்கு இருபடி உறுப்பும் அழுத்தத்துக்கு நேரியல் உறுப்பும் வைத்துப் பாருங்கள்.