பந்தைத் தொடாத ஜோ தாமஸ்

என் அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஜோ தாமஸை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். 2007 ஏப்ரலில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்களை எடுத்த அன்று, அவர் நியூயார்க் மேடைக்குப் போகாமல் தன் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாக கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் எடுத்த செய்தி படகுக்கே வந்தது.

ஆடிய இடம் லெஃப்ட் டேக்கிள். பந்தைத் தொடுகிற வேலையே கிடையாது. அணியில் பந்தை வீசுகிறவர் குவார்ட்டர்பேக். வலதுகைக்காரர் என்றால், வீசத் திரும்பும்போது அவருக்கு முதுகுப்பக்கம் தெரியாது. அங்கிருந்து பாய்ந்து வருகிறவனை மறித்து நிறுத்த வேண்டும். நானும் வியாசர்பாடியில் நம்மூர் ஃபுட்பாலில் ஸ்டாப்பர், அதாவது தடுப்பு ஆட்டக்காரனாக ஆடியவன். கோல் போட்டவனுக்குத்தான் பிரியாணி. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவதற்குப் பெயர் ஸ்னாப். தாமஸ் தொடர்ந்து 10,363 ஸ்னாப் களத்தில் நின்றார், ஒன்றைக்கூட விடவில்லை. 2017 அக்டோபரில் இடது மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் கிழிந்த பிறகுதான் வெளியே போனார். இவ்வளவு உழைத்தும் சீசன் கடைசியில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. பாவி அணி!

2018ல் ஓய்வு, 2023ல் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம். அப்பாவிடம் சொன்னேன். “அந்த ஏரில இன்னா மீன் கெடைக்குமாம்?” என்றார்.