எஸ்பிஐடி-யை (செஷனுக்கு ஓஎஸ் தரும் எண்ணை) முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

மொரீஷியஸில் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எபேன் ஐடி நகரின் அலுவலகங்கள் மளமளவென்று காலியாகும். லேப்டாப்பை மூடிக்கொண்டு ஓடும் அவசரத்தில், கமிட் ஆகாமல் (இறுதியாகப் பதிவாகாமல்) நிற்கும் டேட்டாபேஸ் அப்டேட் யாருக்கும் நினைவிருக்காது. இணைப்பு அறுந்தது சர்வருக்கும் உடனே தெரியாது. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இயங்கினாலும், லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைக்கே 7,200 விநாடி ஆகும். அதுவரை அந்த அப்டேட் தொட்ட வரிகளின் மேல், பிறர் மாற்றாதபடி லாக் கிடக்கும்.

ஆரக்கிள் டேட்டாபேஸில் வழக்கமான மருந்து, செஷன்களைப் (பயனர் இணைப்புகளைப்) பட்டியலிடும் வி$செஷனில் எஸ்ஐடி (செஷன் எண்), சீரியல் எண் இரண்டையும் எடுத்து 'ஆல்டர் சிஸ்டம் கில் செஷன்' கொடுப்பது. பெயர்தான் கில்; உண்மையில் அது செஷனை விலகச் சொல்லுகிறது, அவ்வளவே. வேறொரு டேட்டாபேஸின் பதிலுக்குக் காத்திருக்கும் செஷன் உடனே விலகாது. ஒரு நிமிடம் கழித்து 'கில் செய்யக் குறிக்கப்பட்டது' என்ற ஓஆர்ஏ-00031 செய்தி வரும், செஷன் 'கில்டு' என்ற நிலையில் அப்படியே தொங்கும்.

ஓஎஸ் மட்டத்தில் கைவைக்க வேண்டியது அப்போதுதான். ஆனால் கில் குறி விழுந்ததும் வி$செஷனில் பிஏடிடிஆர் (பிராசஸின் முகவரி) மாறிவிடுகிறது; பிராசஸ் பட்டியலான வி$பிராசஸோடு இணைத்தால் எஸ்பிஐடி கிடைக்காது. ஆரக்கிள் 11ஜி முதல், செஷனை உருவாக்கிய பிராசஸின் முகவரியான கிரியேட்டர்_ஏடிடிஆர் கைகொடுக்கிறது. இருந்தாலும், கில் கொடுக்கும் முன்பே எஸ்பிஐடி-யை எழுதிவைப்பதுதான் பத்திரம்.

லினக்ஸில் டெடிகேட்டட் (தனக்கென ஒரு சர்வர் பிராசஸ் உள்ள) செஷன் ஒவ்வொன்றும் தனி பிராசஸ். 'பிஎஸ் -இஎஃப்' பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே 'லோக்கல்=நோ' (நெட்வொர்க் வழி வந்த செஷன்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே 'கில் -9'. ஒரு இலக்கம் தவறி ஆரக்கிளின் பின்னணிப் பிராசஸான பிமான் மேல் விழுந்தால் இன்ஸ்டன்ஸே (ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிளே) சாயும். விண்டோஸில் எல்லாச் செஷனும் ஒரே ஆரக்கிள்.இஎக்ஸ்இ-க்குள் த்ரெட்களாக (ஒரே பிராசஸின் உள்ளிழைகளாக) ஓடுகின்றன. டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தினால் அத்தனை பேரும் வெளியே. அங்கே 'ஓராகில்' கட்டளைக்கு இன்ஸ்டன்ஸ் பெயரையும் எஸ்பிஐடி-யையும் கொடுக்க வேண்டும். விண்டோஸில் எஸ்பிஐடி என்பது த்ரெட் எண்.

லினக்ஸ் பழக்கத்தை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பேக்கெண்டுக்கு (ஒரு இணைப்பைக் கவனிக்கும் பிராசஸுக்கு) 'கில் -9' கொடுத்தால் ஷேர்ட் மெமரி கெட்டிருக்கலாம் என்று சர்வர் எல்லா இணைப்பையும் அறுத்து ரெக்கவரிக்குப் போகும். பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் ஃபங்ஷன் இரண்டு ஓஎஸ்ஸிலும் போதும்.

எப்படி நிறுத்தினாலும் ரோல்பேக் (கமிட் ஆகாத மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) நடந்தே தீரும். ஆரக்கிளில் செஷன் பதிவு இருக்கும்வரை வி$டிரான்ஸாக்‌ஷனில் யூஸ்டு_யுபிஎல்கே (திரும்பப் பெற மிச்சமிருக்கும் அன்டூ பிளாக் எண்ணிக்கை) இறங்கிக்கொண்டே வந்தால் பொறுத்திருங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த வேலை மிச்சமிருக்கும்.

நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் சர்வரின் எஸ்க்யூஎல்நெட்.ஓஆர்ஏ அமைப்புக் கோப்பில் எஸ்க்யூஎல்நெட்.எக்ஸ்பைர்_டைம் = 10 என்று போட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் இருக்கிறாரா என்று சர்வரே கேட்டுக்கொள்ளும்.