எலி மூளைக்கான கார்பன் இழை எலக்ட்ரோடு: எங்கே கோட்டை விடுகிறோம்

எலியின் மூளையில் டோபமின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஏறி இறங்குவதை நொடிக்குப் 10 தடவை அளக்க, 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கார்பன் இழை போதும். இழையில் வோல்டேஜை வேகமாக ஏற்றி இறக்கி, அப்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் இந்த முறையின் பெயர் ஃபாஸ்ட் ஸ்கேன் வோல்டாமெட்ரி. புதிதாக வருபவர்கள் ஆம்ப்ளிஃபையரையும் மென்பொருளையும் நோண்டிக்கொண்டிருப்பார்கள். கெடுவதோ பெரும்பாலும் கண்ணாடியும் இழையும் ஒட்டும் இடத்தில்.

கையுறை போட்டுக்கொண்டு, இழைக் கட்டிலிருந்து ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் கிடத்துங்கள். விரல் எண்ணெய் பட்டால் கண்ணாடிக்கும் இழைக்கும் நடுவே சீல் பிடிக்காது. 1.2 மிமீ கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வாக்குவம் மாட்டி, மறுமுனையை இழையின் நுனியருகே கொண்டுபோனால் சர்ரென்று உள்ளே போய்விடும். இழை இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். புல்லரில் (கண்ணாடியைச் சூடாக்கி இழுக்கும் கருவி) வைத்து இழுத்தால் கண்ணாடி இரண்டாகும், இழை மட்டும் நடுவே அறுபடாமல் நிற்கும். கத்தரியால் வெட்டினால் இரண்டு எலக்ட்ரோடு.

இனி மைக்ரோஸ்கோப். கண்ணாடி சரிந்து வந்து இழையை இறுகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் விரிசல் தெரிந்தாலோ, இழையைச் சுற்றி மயிரிழை இடைவெளி தெரிந்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அந்த இடைவெளியில் உப்புநீர் ஏறும். பின்னணி மின்னோட்டம் (டோபமின் இல்லாவிட்டாலும் ஓடுவது) நிலைகொள்ளாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும், இரைச்சலும் கூடும். எபாக்ஸிப் பசையில் சில நொடி முக்கி, உடனே அசிட்டோனில் அலசி, அடுப்பில் வைத்து இறுக்கினால் சீல் உறுதிப்படும். அசிட்டோனில் அலசத் தாமதித்தால் இழை மேலேயே பசை படிந்து, அளக்க வேண்டிய பரப்பு மூடிப்போகும். கடைசியாக, கண்ணாடிக்கு வெளியே 100 மைக்ரோமீட்டர் மட்டும் விட்டு ஸ்கால்பெல்லால் இழையை நறுக்குங்கள். கூடுதல் நீளம் கூடுதல் சிக்னல் தரும்தான்; பின்னணியும் கூடவே ஏறி ஆம்ப்ளிஃபையரை முட்டும்.

வோல்டேஜ் −0.4-இலிருந்து +1.3 வோல்ட் வரை போய்த் திரும்பும், வேகம் நொடிக்கு 400 வோல்ட். ஒரு சுற்று 8.5 மில்லிநொடி. இந்த வேகத்தில் இழையின் பரப்பு மின்னேற்றம் பெறுவதற்கே சில நூறு நானோஆம்பியர் ஓடும். 1 மைக்ரோமோலார் டோபமின் தருவதோ 10 நானோஆம்பியர் அளவு. அதனால்தான் பின்னணியைக் கழித்தே பார்க்கிறோம். பின்னணி நகர்ந்தால் கழித்த மிச்சமும் பொய் சொல்லும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஒரே பின்னணியை நம்பக் கூடாது. எலக்ட்ரோடை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 சுற்று) கால் மணி நேரம் ஓடவிட்டு, பிறகு 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் நிலைப்படும். இதில் அவசரம் காட்டுவதுதான் வழக்கமான தவறு.

காலிப்ரேஷனுக்கு (தெரிந்த அளவு டோபமினை வைத்து எலக்ட்ரோடைச் சரிபார்ப்பது) டோபமின் ஸ்டாக்கை, அதாவது அடர் கரைசலை, 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் வையுங்கள், pH 7.4 பஃபரில் அளப்பதற்குச் சற்றுமுன் கலந்தால் போதும். கரைசல் பழுப்பேறினால் கொட்டிவிடுங்கள். அமில ஸ்டாக்கைச் சேர்த்தபின் pH மாறியிருந்தால் அந்த மாற்றமே ஒரு சிக்னலாகத் தெரியும்; டோபமின் என்று ஏமாறாதீர்கள். டோபமினின் ஆக்சிஜனேற்ற முகடு (மின்னோட்டம் உச்சம் தொடும் இடம்) சுமார் +0.6 வோல்ட்டில், திரும்பும் வழியில் ஒடுக்க முகடு −0.2-க்கு அருகில். இரண்டும் தெரிய வேண்டும். நோர்அட்ரினலினும் ஏறக்குறைய இதே வடிவத்தைத் தரும் என்பதால், மூளையில் எந்த இடத்தில் இறக்குகிறோம் என்பதும் சாட்சியில் சேர்த்தி.

எலக்ட்ரோடை இறக்கும்போது, மூளையைப் போர்த்தியிருக்கும் ட்யூரா சவ்வை முழுக்க அகற்றியாக வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு துணுக்கில் பட்டாலே இழை ஒடியும், ஒடிந்தது வெளியே தெரியாது. சிக்னல் திடீரென்று சிறுத்ததை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ரெஃபரன்ஸ் (வோல்டேஜை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த இரண்டாவது எலக்ட்ரோடு) வெறும் வெள்ளிக் கம்பிதானே என்று அலட்சியம் வேண்டாம். ப்ளீச்சில் அரை மணி ஊறவைத்துக் கறுத்தபின் கழுவினால் சில்வர் குளோரைடு பூச்சு கிடைக்கும். நாள்கணக்கில் மூளைக்குள் கிடந்தால் பூச்சு கரைந்து வோல்டேஜ் அச்சே நகரும். முகடு +0.6-ஐ விட்டு விலகியிருந்தால் எலியைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கம்பியைச் சந்தேகியுங்கள்.