ஒரு வரி பேட்ச்

ஜூலை 6, 2024

சி நிரல்களை மொழிபெயர்க்கும் கம்பைலரான ஜிசிசி 14-இல், டெபியன் லினக்ஸுக்காக நான் பராமரிக்கும் பேக்கேஜ் பில்ட் ஆகவில்லை. வேறொருவர் எழுதிய சின்ன முகவரிப் புத்தக நிரல்தான். எழுத்துத் தொடருக்குள் தேடும் ஸ்ட்ர்கேஸ்ஸ்டர் என்ற ஃபங்ஷனை அறிவிக்காமலே கூப்பிட்டிருக்கிறதாம். சி மொழி இதை 1999-லேயே விலக்கிவிட்டது. கம்பைலர்தான் இத்தனை காலம் எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டிருந்தது.

கம்பைலருக்கு ஒரு ஃப்ளாக் (கட்டளை விருப்பம்) போட்டால் பிழை மறுபடி எச்சரிக்கையாகிவிடும். நண்பனும் அதையே சொல்கிறான்: "டேய், கோடு நம்மளது இல்ல. எழுதினவருக்குச் சொல்லு, அவர் திருத்தட்டும்." அவரோ கடைசியாக வெளியீடு செய்தது 2011-இல்.

ஜூலை 7

ஃப்ளாக் போட்டு பில்ட் செய்து ஒரு பெயரைத் தேடினேன். நிரல் விழுந்தது.

அறிவிப்பு இல்லாததால் அந்த ஃபங்ஷன் முழு எண் தருவதாகக் கம்பைலர் எண்ணிக்கொள்கிறது. அது உண்மையில் தருவதோ நினைவக முகவரி; அந்த 8 பைட் முகவரியில் 4 பைட்தான் மிஞ்சும். முன்பெல்லாம் நினைவக முகவரிகள் சின்ன எண்களாக இருந்ததால் வெட்டுப்பட்ட பாதி வெறும் பூஜ்யம்; யாருக்கும் தெரியவில்லை. 2017-இல் டெபியன் 9, நிரலை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏற்றும் பிஐஇ முறையை இயல்பாக்கியதும் முகவரிகள் உயரே போய்விட்டன.

2018-இல் ஒருவர் "தேடினால் செத்துப்போகிறது" என்று பக் எழுதியிருக்கிறார். நான் என் பழைய 32-பிட் மடிக்கணினியில் (அதில் முகவரியே 4 பைட்தான்) ஓட்டிப் பார்த்து, "இங்கே நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடியிருக்கிறேன்! பில்ட் பதிவில் எச்சரிக்கை அன்றும் இருந்தது. மன்னிப்புக் கேட்டுத் திறந்தேன். ஃப்ளாக் கிடையாது, திருத்தத்தான் வேண்டும்.

ஜூலை 9

பில்ட் வழிமுறைக் கோப்பான மேக்ஃபைலில் ஒரே வரி: குனூ சோர்ஸ் மேக்ரோ, அந்த ஃபங்ஷனின் அறிவிப்பைத் திறந்துவிடும் சொல். பில்ட் ஆனது, தேடல் ஓடியது.

நண்பன் விடவில்லை. "ஓப்பன்எஸ்எஸ்எல் ஞாபகம் இருக்கா?" இருக்காமல் என்ன. குறியாக்கச் சாவிகளை உருவாக்கும் நூலகம் அது. 2006-இல் நினைவகப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்ட் முணுமுணுத்ததற்காக அதன் டெபியன் பேக்கேஜில் இரண்டு வரிகளை எடுத்தார்கள். 2008 மே மாதம் தெரியவந்தபோது, சாவிகளின் தற்செயல்தன்மைக்கு மிஞ்சியிருந்தது பிராசஸ் எண் மட்டும், 32,768 வாய்ப்புகள். நண்பன் சொல்லாமல் விட்டது: அதைச் செய்தவர் ஓப்பன்எஸ்எஸ்எல் அஞ்சல் பட்டியலில் முன்பே கேட்டிருந்தார், யாரும் தடுக்கவில்லை.

என்னுடையது ஒரு வரிதானே என்றேன். பேட்சை (திருத்தத்தை) நிரலாசிரியருக்கும் அனுப்பிவைத்தேன். 13 வருட மௌனத்துக்குப் பதில் வரும் என்று நம்பவில்லை.

ஜூலை 14

வந்துவிட்டது. நாலே வரி, வணக்கம்கூட இல்லை. அந்த மேக்ரோவை எல்லாக் கோப்புக்கும் போட்டால் பிழை எண்ணுக்குச் செய்தி தரும் ஸ்ட்ரெரர்_ஆர் ஃபங்ஷன் வேறு ஆளாகிவிடும், பிழைச் செய்தியை நாம் கொடுத்த பஃபரில் (நினைவக இடத்தில்) எழுதாமல் தனியாகத் திருப்பித் தரும், என் நிரல் பஃபரைத்தான் அச்சிடுகிறது, பார்த்தாயா?

பார்க்கவில்லை. இல்லாத கோப்பைத் திறக்கச் சொன்னேன். திரையில் குப்பை எழுத்துகள். கம்பைலருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மேக்ரோவைத் தேடல் கோப்பின் தலையில் மட்டும் வைத்து மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார். பேட்சின் தலைப்பில் 'அனுப்பப்பட்டது: ஆம்' என்று எழுதியாகிவிட்டது. அவர் புது வெளியீடு போட்டால் அந்தப் பேட்சையே அழித்துவிடுவேன்.